பாய்மரப் படகும் அதன் டிங்கியும்: லங்காவிக் கடலில் கற்றவை

பாய்மரப் படகு வாங்க நினைப்பவர்கள் என்னிடம் பாயைப் பற்றிக் கேட்கிறார்கள், எஞ்சினைப் பற்றிக் கேட்கிறார்கள், உள்ளே எத்தனை பேர் படுக்கலாம் என்று கேட்கிறார்கள். பின்னால் கட்டி இழுத்துச் செல்லும் சின்னப் படகான டிங்கியைப் பற்றி ஒரு கேள்வியும் வருவதில்லை. பெரிய படகோடு சேர்ந்து வரும் உதிரிப் பொருள் என்றே அதை எண்ணிவிடுகிறார்கள். மலேசியாவின் லங்காவித் தீவுக்கூட்டத்திலும், அதற்கு வடக்கே தாய்லாந்தின் பாங்-ஙா விரிகுடாவிலும் மனைவியோடு ஆண்டுக்கணக்கில் படகோட்டியவன் என்ற முறையில் உறுதியாகச் சொல்கிறேன்: பயணம் இனிதாக அமைவதும் ஆபத்தில் முடிவதும் பெரும்பாலும் அந்தச் சின்னப் படகைப் பொறுத்தே இருக்கிறது. பெரிய படகில் நிற்கும்போது காற்றையும் அலையையும் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். டிங்கியில் கால் வைத்ததும் 'கரைக்குத்தானே போகிறோம்' என்ற எண்ணம் வந்துவிடுகிறது. கால் முறிவதும், கைப்பேசி கடலில் விழுவதும், உயிர் போவதும் அந்தக் கொஞ்ச தூரத்தில்தான்.

எங்கள் படகு 11 மீட்டர் நீளம். அடியில் உள்ள கனமான கீல் ஏறக்குறைய 2 மீட்டர் ஆழத்துக்கு இறங்கி நிற்கிறது. எனவே கரையை நெருங்க முடியாது. இந்தக் கடலில் அமாவாசை, பௌர்ணமி நாட்களை ஒட்டி நீர்மட்டம் இரண்டரை முதல் மூன்று மீட்டர் வரை ஏறி இறங்குகிறது. காலையில் 5 மீட்டர் ஆழம் காட்டிய இடம் மதியம் 2 மீட்டராகிவிடலாம். ஆகவே கரையிலிருந்து நன்றாகத் தள்ளி நங்கூரம் போடுகிறோம். அதன் பிறகு அரிசி மூட்டை, குடிதண்ணீர், சமையல் எரிவாயு சிலிண்டர், டீசல் கேன், குப்பைப் பை, குடிநுழைவு அலுவலகத்துக்கான காகிதங்கள் எல்லாமே டிங்கியில்தான் போய் வருகின்றன. படகுத்துறைக்குள் கட்டி வைத்தே காலம் கழிப்பவர்களுக்கு இது தெரியாது. நங்கூரத்தில் வாழ்பவர்களுக்கு டிங்கி இல்லாத நாள் வீட்டுச் சிறைதான்.

முதலில் எதை வாங்குவது என்ற கேள்வி. காற்றடைத்த குழாய்களுக்கு நடுவே அலுமினியத்தாலோ கண்ணாடியிழையாலோ ஆன கெட்டியான அடிப்பாகம் கொண்ட வகையைத்தான் நான் பரிந்துரைப்பேன். 3 மீட்டர் நீளம் இருந்தால் நான்கு பேரும் காய்கறிக் கூடையும் நனையாமல் போகலாம். அடிப்பாகமும் துணியாலேயே ஆன வகை மடித்து வைக்க வசதியானதுதான். ஆனால் இந்தப் பகுதியின் பவளக்கல்லிலும் சிப்பி ஒட்டிய படித்துறையிலும் அது நெடுநாள் தாங்காது. குழாய் எந்தத் துணியில் செய்யப்பட்டது என்பதைக் கட்டாயம் கேளுங்கள். பி.வி.சி. விலை குறைவு, ஆனால் வெப்பமண்டல வெயில் அதைப் பிசுபிசுப்பாக்கி, ஒட்டிய இடங்களை விடுவித்துவிடும். ஹைபலான் என்று எல்லோரும் சொல்லும் ரப்பர் துணி வெயிலைத் தாங்கும். டூபாண்ட் நிறுவனம் 2010இல் அதன் தயாரிப்பை நிறுத்திவிட்டது. இப்போது அதே வகை ரப்பர் சி.எஸ்.எம். என்ற பெயரில் வருகிறது. விலை கூடுதல்தான். இருந்தாலும் வெயிலில் கிடக்கப்போகும் டிங்கிக்கு அந்தக் கூடுதல் பணத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம். எதை வாங்கினாலும் குழாய்களுக்குக் கித்தான் உறை ஒன்று தைத்துப் போட்டுவிடுங்கள். எங்கள் உறையை என் மனைவியே அளவெடுத்துத் தைத்தார். குழாயின் ஆயுளைக் கூட்டியதில் அந்த உறைக்கு ஈடாக வேறெதையும் என்னால் சொல்ல முடியாது.

எஞ்சின் விஷயத்தில் குதிரைத்திறனுக்கு முன்னால் எடையைப் பாருங்கள். 15 குதிரைத்திறன் யமாஹா டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் சுமார் 36 கிலோ. அதே திறனுள்ள ஃபோர்-ஸ்ட்ரோக் 50 கிலோவைத் தாண்டும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் புகைக் கட்டுப்பாடுகளால் பழைய வகை டூ-ஸ்ட்ரோக்குகள் கடைகளிலிருந்து மறைந்துவிட்டன. நம் பக்கத்தில் அவை இன்னும் கிடைக்கின்றன, மீனவர் கிராமத்து மெக்கானிக் எவரும் அவற்றைப் பிரித்து மாட்டிவிடுவார். ஃபோர்-ஸ்ட்ரோக் அமைதியாக ஓடும், பெட்ரோல் மிச்சமாகும், தண்ணீரில் எண்ணெய் படலம் விடாது. இரண்டையும் எடைபோட்டுப் பார்த்தால், நீண்ட பயணத்தில் ஒவ்வொரு முறையும் எஞ்சினைக் கழற்றிப் பெரிய படகின் கம்பியில் ஏற்ற வேண்டியவர்களுக்கு எடை குறைந்ததே நல்லது என்பது என் முடிவு. கையால் தூக்கி ஏற்றும் வீரத்தை விட்டுவிடுங்கள். ஒரு கப்பியும் கயிறும் கொண்ட சிறிய தூக்கியைப் பெரிய படகின் பின்புறத்தில் பொருத்திவிட்டால் என் மனைவி தனியாகவே எஞ்சினை ஏற்றி இறக்குகிறார். எஞ்சினை டிங்கியோடு இறுக்கிப் பிடிக்கும் பிடிதிருகுகளைத் தளர்த்துவதற்கு முன்பே தூக்கியின் கொக்கியை எஞ்சினில் மாட்டிவிட வேண்டும் என்பது எங்கள் படகில் மாற்ற முடியாத வரிசை.

எஞ்சின் கிளம்பியதும் நான் முதலில் பார்ப்பது பக்கவாட்டில் பீய்ச்சும் மெல்லிய நீர்த்தாரையை. குளிர்விக்கும் தண்ணீர் உள்ளே சுற்றுகிறது என்பதற்கு அதுதான் சாட்சி. தாரை மெலிந்தால் சிறிய கம்பியை அந்தத் துளைக்குள் விட்டு உப்பையும் மணலையும் கிளற வேண்டும், அதற்கும் சரியாகாவிட்டால் நீர் இறைக்கும் ரப்பர் சக்கரத்தைப் பார்க்க வேண்டும். சில நாட்கள் ஓட்டப்போவதில்லை என்றால் பெட்ரோல் குழாயைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டரில் இருப்பது தீரும்வரை ஓடவிட்டு நிறுத்துங்கள். தேங்கிய பெட்ரோல் பிசினாகி நுண்துளைகளை அடைத்துவிடும். டிங்கி எஞ்சின் பாதி வழியில் நிற்பதற்குக் காரணம் தேடினால், நான் கண்டவரை, பெரும்பாலும் பழைய பெட்ரோல் அல்லது கேனுக்குள் இறங்கிய தண்ணீர்.

இனி சொல்லப்போவதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எஞ்சினின் முகப்பில் சுருள் சுருளாக ஒரு சிவப்புக் கயிறு தொங்கும். ஓட்டுபவர் விழுந்தால் அந்தக் கயிறு பிடுங்கிக்கொண்டு எஞ்சினை அணைத்துவிடும். அதை மணிக்கட்டிலோ தொடையிலோ மாட்டாமல் ஓட்டுபவர்களைக் லங்காவியின் குவா நகரத்துத் துறையில் தினமும் பார்க்கிறேன். 2013 மே மாதம் இங்கிலாந்தின் பேட்ஸ்டோ அருகே கேமல் கழிமுகத்தில் ஒரு குடும்பமே வேகப்படகிலிருந்து தூக்கி எறியப்பட்டது. ஆளில்லாத படகு வட்டமடித்து வந்து தண்ணீரில் மிதந்தவர்கள் மீதே ஏறியது. தந்தையும் எட்டு வயது மகளும் இறந்தார்கள், மற்றவர்கள் காயமடைந்தார்கள். அந்தக் கயிறு ஓட்டியவர் உடலில் மாட்டப்பட்டிருக்கவில்லை என்று பிரிட்டனின் கடல்விபத்து விசாரணைப் பிரிவு கண்டறிந்தது. அமெரிக்காவில் 26 அடிக்குக் குறைந்த படகுகள் வேகமெடுத்து ஓடும்போது இந்தக் கயிற்றை மாட்டியே ஆக வேண்டும் என்று 2021 ஏப்ரல் முதல் சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாத இடத்திலும் தண்ணீருக்கடியில் சுழலும் எஞ்சின் விசிறி விசிறிதான். ஓட்டுபவர் கயிற்றை மாட்டாமல் எங்கள் டிங்கி நகர்வதில்லை, விருந்தினர் யாராக இருந்தாலும் சரி. உதிரிக் கயிறு ஒன்றும் பையில் இருக்க வேண்டும். விழுந்தவர் அதோடு சேர்ந்தே தண்ணீரில் இருப்பார், மற்றவர்கள் எஞ்சினைக் கிளப்பி அவரை எடுக்க வேறொரு கயிறு தேவை.

ஏறுவதும் இறங்குவதும் தனிக் கலை. குவாவில் பெர்லிஸ், கெடா துறைமுகங்களுக்குப் போகும் வேகப் பயணிப் படகுகள் எழுப்பும் அலை, அவை கடந்து போய்ச் சில நிமிடங்கள் கழித்துத்தான் நம்மை வந்தடையும். பெரிய படகும் டிங்கியும் வேறு வேறு தாளத்தில் எழும்பித் தாழும். டிங்கி மேலே எழுந்து நிற்கும் அந்த ஒரு நொடியில் காலை மாற்ற வேண்டும், தாழும்போது குதித்தால் முழங்கால் போய்விடும். குழாயின் விளிம்பை மிதிக்காமல் நடுவில் கால் வைத்து, உடனே உட்கார வேண்டும். பையோடு ஏறக் கூடாது. வெறுங்கையோடு ஏறி உட்கார்ந்த பிறகு பொருளை வாங்கிக்கொள்ளுங்கள். கனமானவை நடுவிலும் தரையிலும் போக வேண்டும். ஆட்கள் இரண்டு பக்கமும் சமமாக உட்கார வேண்டும். வயதான என் மாமியார் வந்திருந்தபோது இதே வரிசையில்தான் அவரை ஏற்றினோம். "அவசரப்படுத்தாதீங்க மாப்பிள்ளை, நானே பார்த்து வர்றேன்" என்று சொல்லிவிட்டு, அலை எழும்வரை காத்திருந்து, அவர் பாட்டுக்கு வந்து உட்கார்ந்தார். இளைஞர்களைவிட அவரிடம் அந்தப் பொறுமை இருந்தது.

இழுத்துச் செல்வது பற்றிப் படகுக்காரர்களிடையே ஓயாத வாக்குவாதம் உண்டு. என் நிலை இது: அமைதியான நீரில், ஒரு தீவிலிருந்து அடுத்த தீவுக்கு இழுக்கலாம். திறந்த கடலைக் கடக்கும்போது இழுக்கவே கூடாது. இழுக்கும்போது எஞ்சின் பெரிய படகில் இருக்க வேண்டும், டிங்கி காலியாக இருக்க வேண்டும். காற்று வலுத்தால் காலி டிங்கி காற்றாடியாகப் பறந்து தலைகீழாகக் கவிழும். எஞ்சினோடு கவிழ்ந்தால் எஞ்சின் உப்புநீரில் ஊறிவிடும், கவிழ்ந்த டிங்கியின் இழுவிசையில் கயிறு கட்டிய கொளுவியும் பிய்ந்து வரும்.

இழுகயிறு மிதக்கும் வகையாக இருக்கட்டும். பாலிப்ரொப்பிலீன் கயிறு தண்ணீரில் மிதப்பதால் பெரிய படகு பின்னோக்கி வரும்போது விசிறியில் சுற்றிக்கொள்ளும் வாய்ப்பு குறைகிறது. வாய்ப்பு குறைகிறதே தவிர இல்லாமல் போவதில்லை. ஆகவே நங்கூரம் போடப் போகும்போது யாராவது ஒருவர் அந்தக் கயிற்றைக் கையில் பிடித்து டிங்கியைப் பெரிய படகின் இடுப்போடு ஒட்டி இழுத்துக் கட்டிவிட வேண்டும். எங்கள் படகில் எஞ்சினைப் பின்கியருக்கு மாற்றுவதற்கு முன் நான் "டிங்கி?" என்று கேட்பேன், "கட்டியாச்சு" என்று பதில் வந்த பிறகே கியர் மாறும். கடலில் போகும்போது கயிற்றின் நீளத்தைக் கவனித்துச் சரிசெய்யுங்கள். பெரிய படகு தனக்குப் பின்னால் அலைமேடுகளை விட்டுச் செல்கிறது. டிங்கி அந்த மேட்டின் முன்சரிவில் நின்றால் வழுக்கி ஓடிவந்து படகின் பின்புறத்தில் முட்டும், பின்சரிவில் நின்றால் கயிறு தேவையில்லாமல் முறுக்கேறும். மேட்டின் உச்சியை முன்பக்கமாகச் சற்றே தாண்டிய இடத்தில் நிறுத்தினால் கயிறு லேசாகத் தளர்ந்து, டிங்கி முரண்டுபிடிக்காமல் வரும். இதைக் கண்ணால் பார்த்துத்தான் பிடிக்க முடியும்.

இரவில் டிங்கியைத் தண்ணீரில் விடாதீர்கள். திருட்டு ஒரு காரணம். காற்றும் நீரோட்டமும் எதிரெதிராகும் இரவுகளில் டிங்கி வந்து படகின் பக்கத்தில் 'டொக் டொக்' என்று இடித்துத் தூக்கத்தைக் கெடுப்பது இரண்டாவது. அடியில் பாசியும் சிப்பியும் பற்றிக்கொள்வது மூன்றாவது. எல்லாவற்றையும் விடப் பெரிய காரணம் மலாக்கா நீரிணையில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் நள்ளிரவுக்குப் பிறகு, பெரும்பாலும் விடியலுக்கு முன், மேற்கிலிருந்து பாய்ந்து வரும் 'சுமத்ரா' என்ற திடீர்ப் புயல்வரிசை. கண்ணாடியாகக் கிடந்த தண்ணீரில் கொஞ்ச நேரத்துக்குள் மணிக்கு 30, 40 கடல்மைல் வேகத்தில் காற்றடிக்கும், மழை கண்ணைத் திறக்க விடாது. அந்த நேரத்தில் பின்னால் மிதக்கும் டிங்கியைக் காப்பாற்ற யாரும் போக முடியாது, போகவும் கூடாது. டிங்கியில் மூன்று இடங்களில் கயிறு கட்டி ஒரு வளையத்தில் சேர்த்து, பாயை ஏற்றும் கயிற்றை அதில் மாட்டி, கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளையான வின்ச்சைச் சுற்றினால் டிங்கி படகின் பக்கவாட்டில் தளத்தின் உயரத்துக்கு எழுந்து வந்துவிடும். எழுந்ததும் அடியிலுள்ள வடிகால் அடைப்பானைக் கழற்றிவிட்டால் மழைநீர் தங்காது. கழற்றிய அடைப்பானை எஞ்சினின் சிவப்புக் கயிற்றோடு சேர்த்துத் தொங்கவிடுங்கள். அடைப்பான் இல்லாமல் எஞ்சினைக் கிளப்பவே முடியாது என்ற நிலை தானாக வந்துவிடும்.

கரையில் கட்டுவதற்கும் ஒழுங்கு உண்டு. மிதக்கும் துறையென்றால் கயிற்றை நீளமாக விடுங்கள், பின்னால் வருபவர்கள் உங்கள் டிங்கியை ஒதுக்கிவிட்டு உள்ளே வர முடியும். தூண்களில் நிற்கும் பழைய மரத்துறை என்றால் ஏற்றவற்றத்தை நினைத்துப் பார்க்காமல் கட்டக் கூடாது. தாழ்நீரில் துறைக்கு அடியில் நுழைந்துகொண்ட டிங்கி, நீர் ஏறும்போது குறுக்குக் கட்டைகளுக்கு அடியில் சிக்கி நசுங்கும். டிங்கியின் பின்புறத்தில் சின்ன நங்கூரம் ஒன்றைப் போட்டு, துறையிலிருந்து தள்ளி நிறுத்துவதே இதற்கு வழி. மணற்கரையென்றால் நீர் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதைப் பொறுத்தே எல்லாம். இறங்கும் நேரத்தில் கரையேற்றி வைத்துவிட்டு மீன் சாப்பிடப் போனால், திரும்பி வரும்போது நூறு கிலோ எடையைச் சேற்றில் தூக்கிச் செல்ல வேண்டும். தாய்லாந்தின் புக்கெட் தீவிலுள்ள சாலோங் விரிகுடாவில் தாழ்நீரில் சேறு நெடுந்தூரம் விரிந்துவிடும். பின்புறப் பலகையில் மடக்கும் சக்கரங்கள் இரண்டைப் பொருத்திக்கொண்டால் பாதிக் கவலை தீரும். லங்காவியின் டயாங் புன்டிங் தீவில் நன்னீர் ஏரியைப் பார்க்கப் போகிறவர்களுக்குத் தனியாக ஒரு சொல்: டிங்கியில் உணவுப் பொருள் எதையும் விட்டுச் செல்லாதீர்கள். குரங்குகள் உணவை எடுப்பதோடு நிற்பதில்லை, இருக்கை உறையையும் பெட்ரோல் குழாயையும் பிய்த்துப் பார்க்கின்றன.

டிங்கி எதற்காக என்று எனக்குப் புரியவைத்த இடம் பாங்-ஙா விரிகுடா. செங்குத்தாக எழும் சுண்ணாம்புக்கல் தீவுகளின் அடியில் குகைகள் இருக்கின்றன. தாய்லாந்து மக்கள் 'ஹொங்' என்று அழைக்கும் இந்த இடங்களில், குகை வழியே உள்ளே போனால் தீவின் நடுவே வானம் பார்த்த குளம் ஒன்று திறக்கும். சுற்றிலும் நூற்றுக்கணக்கான அடி உயரப் பாறைச்சுவர், நடுவில் அலையாத்தி மரங்கள். பெரிய படகை வெளியே நங்கூரத்தில் ஒருவர் பார்த்துக்கொள்ள, மற்றவர்கள் டிங்கியில் போக வேண்டும். பனக் தீவின் குகைகளுக்குப் பொருத்தமான நீர்மட்டம் ஒரு நாளில் கொஞ்ச நேரம்தான் கிடைக்கும். நீர் அதிகமாக இருந்தால் குகையின் கூரையும் தண்ணீரும் ஒட்டிவிடும். குறைவாக இருந்தால் டிங்கி தரைதட்டும். நீர் இறங்கிக்கொண்டிருக்கும்போது நுழைவது பாதுகாப்பு. ஏறிக்கொண்டிருக்கும்போது நுழைந்தால் திரும்பும் வழி அடைபட்டுப் பல மணி நேரம் உள்ளேயே இருக்க நேரிடும்.

குகை வாயிலுக்கு முன்பே எஞ்சினை அணைத்து, தூக்கி மடக்கிவிட்டுத் துடுப்புப் போட வேண்டும். உள்ளே இருட்டு, வௌவால் எச்சத்தின் கார நெடி, கூரையிலிருந்து சொட்டும் தண்ணீர். நெற்றியில் மாட்டிய விளக்கின் வெளிச்சத்தில் சுவரைப் பார்த்தால் கையளவு சிப்பிகள் அடுக்கடுக்காக ஒட்டியிருக்கும். அவற்றின் விளிம்பு சவரக்கத்திதான். குழாய் அதில் உரசினால் கிழியும். சுவரைக் கையால் தள்ளிப் படகை நகர்த்த முயன்றால் உள்ளங்கை கிழியும். துடுப்பின் முனையால் மட்டுமே சுவரைத் தொட வேண்டும். கூரை தாழும் இடத்தில் எல்லோரும் மல்லாந்து படுத்துக்கொள்வோம், மூக்குக்கு மேல் ஒரு முழம் இடைவெளியில் பாறை நகர்ந்து போகும். பிறகு பச்சை வெளிச்சம் தெரியும். அந்தக் குளத்தில் துடுப்பை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கும் அனுபவத்தைப் பாய்மரப் படகு மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் பெற முடியாது.

பெரிய படகு செயலிழக்கும்போது டிங்கி என்ன செய்யும் என்பதைக் கிள்ளானிலிருந்து வந்திருந்த ஓர் அண்ணன் எனக்குக் காட்டினார். கப்பல் எஞ்சின் அறையில் காலமெல்லாம் வேலை பார்த்தவர். டயாங் புன்டிங் தீவுக்கும் குவாவுக்கும் நடுவே ஒரு காலை நேரம் பெரிய எஞ்சின் சூடேறி அபாய ஒலி எழுப்பியது. தண்ணீர் உறிஞ்சும் வாயை நெகிழிப் பை அடைத்திருந்தது என்பது பிறகு தெரிந்தது. காற்று இல்லை, பாய் தொங்கிக் கிடந்தது, நீரோட்டம் எங்களைப் பயணிப் படகுகள் ஓடும் பாதையை நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தது. டிங்கியை முன்னால் கட்டி இழுக்கலாம் என்று நான் கயிற்றை எடுத்தேன்.

"இழுக்க வேண்டாம் தம்பி. இடுப்பில் கட்டித் தள்ளலாம்" என்றார்.

காரணத்தையும் சொன்னார். முன்னால் கட்டி இழுத்தால் பெரிய படகை நிறுத்த வழியில்லை. டிங்கி நின்றாலும் ஆறேழு டன் எடை பின்னாலிருந்து வந்துகொண்டே இருக்கும். பக்கத்தில் இறுக்கிக் கட்டிவிட்டால் இரண்டும் ஒரே படகாகிவிடும். முன்னும் போகலாம், பின்கியர் போட்டு நிறுத்தவும் செய்யலாம்.

கட்டிய விதம் இதுதான். பெரிய படகின் பின்பகுதியில், ஒரு பக்கமாக டிங்கியை ஒட்டி நிறுத்தினோம். டிங்கியின் விசிறி பெரிய படகின் பின்முனைக்கும் பின்னால் இருக்குமாறு பார்த்துக்கொண்டோம். நடுவில், படகுகள் உரசாமல் தடுக்கும் மெத்தைகளான ஃபெண்டர்கள். டிங்கியின் முன்முனையிலிருந்து பின்னோக்கிப் பெரிய படகின் பின்புறக் கிளீட்டுக்கு, அதாவது கயிறு கட்டும் கொம்புக்கு, ஒரு கயிறு. முன்னோக்கித் தள்ளும் விசை முழுவதையும் தாங்குவது இதுதான், அதனால் இதற்கே தடித்த கயிறு. டிங்கியின் பின்பலகையிலிருந்து முன்னோக்கிப் பெரிய படகின் நடுக் கிளீட்டுக்கு இன்னொன்று. பின்கியர் போடும்போது விசை இதற்கு வரும். மூக்கும் வாலும் விலகாமல் இருக்கக் குறுக்கே இரண்டு சிறிய கயிறுகள். டிங்கியின் மூக்கு பெரிய படகின் பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கட்டும் என்றார். எல்லாக் கயிறும் விரலால் தட்டினால் அதிரும் அளவுக்கு இறுக வேண்டும். தளர்வாகக் கட்டினால் ஒவ்வொரு அலைக்கும் டிங்கி குதித்துக் கயிற்றை அறுக்கும்.

அண்ணன் டிங்கியில் உட்கார்ந்து எஞ்சினை நேராக வைத்துப் பிடித்துக்கொண்டார். திருப்புவது பெரிய படகின் சுக்கானால் மட்டுமே, அதை நான் பிடித்தேன். அவர் இருந்த இடத்திலிருந்து முன்னால் எதுவும் தெரியாது, எனவே கையசைவுகளால்தான் பேச்சு. விரித்த கை என்றால் வேகம் போதும், மூடிய முஷ்டி என்றால் நியூட்ரல், பின்னோக்கிய கட்டைவிரல் என்றால் பின்கியர். மெல்ல மெல்ல வேகமெடுத்து, மணிக்கு மூன்று கடல்மைல் அளவில் எங்கள் படகு நகர்ந்தது. அதற்கு மேல் எஞ்சினை முடுக்கினாலும் சத்தம் கூடுமே தவிர வேகம் கூடாது. டிங்கி இடப்பக்கம் இருந்ததால் படகு வலப்பக்கம் எளிதாகத் திரும்பியது, இடப்பக்கம் திரும்ப அடம்பிடித்தது. இதை முன்கூட்டியே கணக்கிட்டு, துறைக்குள் நுழையும்போது எந்தப் பக்கம் திரும்ப வேண்டியிருக்கும் என்று பார்த்து, அதற்கு எதிர்ப்பக்கத்தில் டிங்கியைக் கட்ட வேண்டும். நிறுத்துவதற்குப் பல படகு நீளம் முன்பே விசையைக் குறைக்க வேண்டும். அலை இல்லாத நீருக்கு மட்டுமே இந்த வித்தை பொருந்தும். அரை மீட்டர் அலை இருந்தாலே கயிறுகள் தாங்காது. எல்லோரும் காற்றில்லாத ஒரு காலையில் இதைப் பழகிப் பார்த்து, எந்தக் கயிறு எந்தக் கிளீட்டுக்கு என்பதை வண்ண நாடாவால் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் வேண்டுகோள். தேவைப்படும் நாளில் யோசிக்க நேரம் இருக்காது.

பெரிய படகு தரைதட்டினாலும் டிங்கியே துணை. இரண்டாவது நங்கூரத்தை டிங்கியில் ஏற்றி ஆழமான பக்கம் கொண்டுபோய்ப் போட்டு, வின்ச்சால் இழுத்து மீளலாம். அப்போது சங்கிலியையும் கயிற்றையும் டிங்கியில் சுருட்டி வைத்து, போகப் போக டிங்கியிலிருந்தே விட்டுச் செல்லுங்கள். பெரிய படகிலிருந்து இழுத்துக்கொண்டு போனால் பாதி தூரத்திலேயே எடை பின்னுக்கு இழுக்கும். அறிமுகமில்லாத குடாவுக்குள் நுழைவதற்கு முன், ஈயக்குண்டு கட்டிய கயிற்றோடு டிங்கியில் முன்னால் போய் ஆழம் பார்ப்பதும் நல்ல வழக்கம்.

1972 ஜூனில் கலாபகோஸ் தீவுகளுக்கு மேற்கே கொலைகாரத் திமிங்கிலங்கள் இடித்து 'லூசெட்' என்ற பாய்மரப் படகு மூழ்கியது. டூகல் ராபர்ட்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரரும் குடும்பத்தினரும் உடன் பயணித்த இளைஞர் ஒருவருமாக ஆறு பேர், காற்றடைத்த உயிர்காப்புத் தெப்பத்தில் ஏறினார்கள். இரண்டு வாரங்களைச் சற்றே கடந்ததும் தெப்பம் கைவிட்டது. அதன் பிறகு ஆறு பேரும் 'எட்னமெய்ர்' என்ற தங்கள் கண்ணாடியிழை டிங்கியில்தான் இருந்தார்கள். ஏறக்குறைய 3 மீட்டர் நீளம்தான் அது. மழைநீரும் ஆமையும் மீனும் கொண்டு உயிர் பிழைத்து, மொத்தம் 38 நாட்களுக்குப் பிறகு ஜப்பானிய மீன்பிடிக் கப்பலால் மீட்கப்பட்டார்கள். டிங்கி எவ்வளவு சுமக்கும் என்று யாராவது கேட்டால் நான் இந்தக் குடும்பத்தைச் சொல்வேன்.

நாங்கள் கரைக்குப் போகும் சின்னத் தூரத்துக்கும் ஒரு நீர்புகாப் பையை எடுத்துச் செல்வது அதனால்தான். அதில் குடிதண்ணீர், கைவிளக்கு, கையடக்க வி.எச்.எஃப். வானொலி, விசில், கத்தி, ஸ்பார்க் பிளக், அதைக் கழற்றும் சாவி, காற்றுப் பம்பு. டிங்கிக்கென்றே சிறிய நங்கூரமும் நீளக் கயிறும். துடுப்புகள் எப்போதும். எஞ்சின் நின்றுபோய், கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசினால், துடுப்பால் எதிர்த்துப் போக முடியாது. அப்போது உடனே அந்த நங்கூரத்தைப் போட்டு நின்றுகொள்ள வேண்டும். நின்ற இடத்தில் இருப்பவரைத் தேடி எடுக்கலாம், அடித்துச் செல்லப்பட்டவரைத் தேடுவது கடினம். இரவென்றால் வெளிச்சம் கட்டாயம். 7 மீட்டருக்குக் குறைந்து, மணிக்கு 7 கடல்மைலுக்கு மேல் ஓட முடியாத இயந்திரப் படகு, எல்லாத் திசையிலும் தெரியும் வெள்ளை விளக்கு ஒன்றையாவது காட்ட வேண்டும் என்கிறது பன்னாட்டுக் கடற்பாதை விதி. அதைவிட வேகமாக ஓடக்கூடிய டிங்கிக்கு சிவப்பு, பச்சைப் பக்கவிளக்குகளும் வேண்டும். கைப்பேசி வெளிச்சத்தை நம்பி இருட்டில் ஓட்டுபவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. எதிரே வருபவர் என்னைப் பார்க்க வேண்டும், நான் அவரைப் பார்ப்பது மட்டும் போதாது.

கடைசியாக, குடும்பத் தலைவர்களுக்கு. பெரும்பாலான படகுகளில் டிங்கியை ஒருவர் மட்டுமே ஓட்டுகிறார், அவர் பெரும்பாலும் கணவர். அவர் தண்ணீரில் விழுந்தால் அவரை எடுக்கப் போவது யார்? படகில் இருக்கும் ஒவ்வொருவரும் எஞ்சினைத் தனியாகக் கிளப்பவும், நிறுத்தவும், துடுப்புப் போடவும், டிங்கியைக் கொண்டுவந்து பெரிய படகில் கட்டவும் பழகியிருக்க வேண்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கும் துடுப்பு வரும், முதலில் துடுப்பைக் கற்றவர்கள் எஞ்சினையும் நிதானமாகவே ஓட்டுகிறார்கள். நாங்கள் செய்வது இவ்வளவுதான்: நங்கூரம் போட்ட மாலையில் ஒரு ஃபெண்டரை எடுத்து நீரோட்டத்தில் எறிந்துவிட்டு, அன்று யாருடைய முறையோ அவரை அனுப்புவோம். அவர் உயிர்காப்புச் சட்டையைப் போட்டு, அடைப்பானைச் சரிபார்த்து, சிவப்புக் கயிற்றை மாட்டி, எஞ்சினைக் கிளப்பி, ஃபெண்டருக்குக் காற்று வரும் திசைக்கு எதிர்ப்பக்கமிருந்து மெதுவாக நெருங்கி, எஞ்சினை நியூட்ரலில் போட்ட பிறகே கையை நீட்ட வேண்டும். நியூட்ரலுக்கு முன்னால் கை நீண்டால் ஃபெண்டரைத் திரும்ப எறிவோம், அவர் இன்னொரு முறை போக வேண்டும்.